விரலை எடுத்த பிறகும் நகர்ந்த அறை

நாள் 26.07.2025, சனிக்கிழமை, காலை 10.40 மணி. தன் தாயாரைத் தந்தையார் கேரவன் வண்டிக்குள் அடைத்து வைத்ததாக யஷ்வந்த் என்பவர் கொடுத்த மனு மீதான விசாரணைக்கு, யாரும் அழைக்காமல் தானாகவே காவல் நிலையத்துக்கு வந்த சாயிரா பானு, வயது 43, க/பெ. நாகூர் மீரான், பள்ளிவாசல் பின்சந்து, கோட்டைமேடு, கோயம்புத்தூர் என்பவர் சொல்லக் கேட்டு எழுதியது.

நான் மேற்படி முகவரியில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். உக்கடத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் பதினோரு வருடம் மோட்டாருக்குள் போகும் செம்புக் கம்பிச் சுருள், காயில் என்போம், அதைக் கட்டினேன். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், மிக்சி, எது எரிந்து வந்தாலும் கட்டிக் கொடுப்பேன். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்பது எங்கள் கடைத்தெருவுக்கே தெரியும். ஆகையால் என் பேச்சை மாற்றாமல் எழுதச் சொன்னேன். எழுதுகிற ஏட்டய்யா, எழுத்து நடையில் எழுதித்தான் வழக்கம் என்று சொன்னார். சரிங்க, பாதி உங்களுது, பாதி என்னுது என்று ஒத்துக்கொண்டேன்.

மனுதாரரின் தந்தை கோவிந்தராஜுலு அய்யாவுக்கு எழுபத்தொரு வயது. பீளமேட்டில் வீடு. மில்களுக்கு உதிரி பாகம் வார்க்கும் பட்டறை நடத்திவிட்டு அதை மகனிடம் கொடுத்துவிட்டவர். அவர் மனைவி பங்காரம்மாவுக்கு நாலு வருடமாக ஞாபகம் கலைந்துகொண்டே வருகிறது. சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டே, "நேரமாச்சுங்க, ஊட்டுக்குப் போலாம்" என்பார்களாம். கேட்டைத் திறந்துகொண்டு அவினாசி ரோடு வரைக்கும் நடந்துவிடுவார்களாம். அதன் பிறகு அய்யா யாரிடமும் கேட்காமல் வெளிநாட்டில் செய்த பழைய கேரவன் ஒன்றை வாங்கினார். அது இஞ்சின் இல்லாத வண்டி, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவது. கட்டில், அடுப்பு, குளிக்கிற இடம் எல்லாம் உள்ளேயே இருக்கும். அம்மா ஊட்டுக்குப் போலாம் என்றால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எங்காவது மரத்தடியில் நிறுத்தி, "வந்துட்டம் அம்மணி, இதுதான்" என்பார். அம்மாவும் நம்பிவிடுவார்கள். பீளமேட்டு வீட்டில் இதே வார்த்தையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கொஞ்ச தூரம் போய் வந்து இறங்கினால்தான் அது அவர்களுக்கு வீடு.

அந்த வண்டியில் ஸ்லைடு என்று ஒன்று உண்டு. கட்டில் இருக்கிற பக்கத்துச் சுவர், கட்டிலோடும் ஜன்னலோடும் சேர்ந்து, மேஜை டிராயரைப் போல மூன்றடி வெளியே தள்ளும். தள்ளினால் உள்ளே நடமாட இடம் கிடைக்கும். ரோட்டில் போகும்போது உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுத்துவிட்டால் கட்டில் எதிர்ப்பக்க அலமாரியோடு போய் நிற்கும், நடுவில் ஒரு சாண் இடம்தான் மிஞ்சும். இதைத் தள்ளுவதும் இழுப்பதும் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன மோட்டார். மனு முழுக்க இந்த மூன்றடியைப் பற்றித்தான்.

கடந்த மார்ச் மாதம் 11ந் தேதி அய்யா என் கடைக்கு வந்தார். ஸ்லைடு பாதியில் நின்றுவிடுகிறது, பட்டனை அமுக்கினால் உள்ளே லைட்டெல்லாம் மங்குகிறது, இரண்டு பேர் பார்த்து இரண்டு புதுப் பேட்டரி மாற்றியும் சரியாகவில்லை என்று சொன்னார். எனக்கு அது நோன்பு மாதம். அவ்வளவு தூரம் வெயிலில் வர முடியாதுங்க, மோட்டாரைக் கழற்றிக் கொண்டு வாங்க என்றேன். "கழட்டத் தெரிஞ்சா நான் எதுக்குங்க உங்ககிட்ட வாரேன்" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப் போனது. மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

வண்டி நின்ற இடம் ஆனைமலைக்கு அந்தப் பக்கம், வாய்க்காலை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பு. அய்யாவின் சிநேகிதருடையது. மாசாணம் என்பவர் அங்கேயே தங்கித் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். நான் போனபோது தென்னைக்கு நடுவில் வெள்ளை வண்டி நின்றது. மட்டை நிழல் அதன் மேல் ஆடிக்கொண்டே இருந்ததில், வண்டி நிற்கிறதா போகிறதா என்று சித்த நேரம் எனக்குத் தெரியவில்லை. இதையும் எழுதுங்கள் என்றேன். சம்பவத்துக்கு இது தேவையில்லை என்றார் ஏட்டய்யா. எனக்குத் தேவை என்றேன், எழுதினார்.

அதன் பிறகு நான் மீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட் இருந்தது. பட்டனை அமுக்கச் சொல்லி மோட்டாரில் பார்த்தால் ஒன்பதுதான் வந்தது. நடுவில் மூன்றரை வோல்ட்டை யாரோ தின்கிறார்கள் என்று வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். அடிச்சட்டத்தில் எர்த் வயரைப் பிடிக்கிற போல்ட்டுக்கு மேலேயே பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். உள்ளே பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. இதைச் சுரண்டிப் பார்க்காமல் இரண்டு பேட்டரி விற்ற புண்ணியவான்கள் யார் என்று அய்யாவைக் கேட்டேன். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கிய பிறகு வோல்ட் சரியாக வந்தது. ஆனால் மோட்டாரில் கருகல் வாசம் அடித்தது. ஆறு மாதமாகக் குறைந்த வோல்ட்டில் முக்கி முக்கி, உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சர் எரிந்துவிட்டது. கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து நாலு நாளில் கட்டினேன்.

நான் அங்கே வேலை செய்த இரண்டு நாளும் பங்காரம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "எளநி வெட்டச் சொல்லட்டுமா கண்ணு, வெய்யல்ல கெடக்கறயே" என்று கேட்பார்கள். நோன்புங்கம்மா என்பேன். "அப்படியா, நல்லது" என்பார்கள். மறுபடியும் பத்து நிமிடம். இருபது தடவைக்கு மேல் கேட்டிருப்பார்கள், ஒரு தடவைகூட முதல் தடவையை விட அன்பு குறையவில்லை. எனக்குக் கோபம் சட்டென்று வரும், என் வீட்டுக்காரரே சொல்வார். அந்த அம்மாவிடம் வரவில்லை.

அதன் பிறகு மார்ச் 17ந் தேதி மோட்டாரை மாட்டினேன். நகர்வது சமமாக இருக்கிறதா என்று பார்க்க நான் உள்ளே கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அய்யா வாசல் ஓரத்தில் நின்று பட்டனை அமுக்கினார். ஜன்னலுக்கு வெளியே தென்னை மரம் மெதுவாக நகர ஆரம்பித்தது. நாங்கள்தான் நகர்கிறோம், மரம் இல்லை, அது எனக்குத் தெரியாதா. இருந்தாலும் மரம்தான் போனது. வாய்க்கால் தண்ணீர் வெளிச்சம் கூரையில் நெளிந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொறப்பட்டுருச்சு" என்றார்கள். மூன்றடிதான், நாற்பது வினாடிதான். நான் கோயம்புத்தூரை விட்டு வேலைக்குத் தவிர வேறு எதற்கும் எங்கும் போனதில்லை. எங்கேயோ போய் இறங்கின மாதிரி இருந்தது. சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அதன் பிறகு மே மாதம் 19ந் தேதி அய்யா மறுபடியும் கூப்பிட்டார். மோட்டாரில் கோளாறு இல்லை. கோளாறு அவர் கட்டை விரலில். அந்த ஸ்லைடுக்கு வெளிநாட்டுக்காரன் வைத்த பட்டன் எப்படி என்றால், அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் உடனே நின்றுவிடும். அய்யாவுக்கு முடக்குவாதத்தில் விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கிறது, நாற்பது வினாடி அமுக்கிப் பிடிக்க முடியவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஸ்லைடு நகரும்போது கட்டிலில் இருக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்படுவார்கள். இதற்காகவே அய்யா மத்தியான வேளையில் ஒரு சாண், இரண்டு சாண் உள்ளே இழுத்து மறுபடி வெளியே தள்ளிக் காட்டுவார். ஆனால் அவர் வாசலில் நின்று பட்டனைப் பிடித்திருப்பதால், கட்டிலில் இருந்து அம்மா, "ஏனுங்க, வண்டி எடுத்துட்டான், நீங்க ஏறலீங்களா" என்று அழுவார்களாம். அவர் பட்டனை விட்டுவிட்டு ஓடினால் வண்டி நின்றுவிடும். விடாமல் பிடித்திருந்தால் அம்மா அழுவார்கள். இதைச் சொல்லும்போது அய்யா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன், இதற்காகத்தான் வந்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கிணற்று மோட்டாருக்கு எவனும் விரலை வைத்துக்கொண்டு நிற்க மாட்டான். பச்சை பட்டனை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவான், அது பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் நின்று, வந்தால் தானே எடுத்துக்கொள்வதற்கு ஆட்டோ சுவிட்சும் மாட்டி வைப்பார்கள். கரண்ட் எப்போது வரும் என்று யார் காத்துக்கிடப்பது. இருபத்தைந்து வருடமாக நான் பழகினது இந்தப் பழக்கம்தான். ஆகையால் அய்யாவிடம், இந்த வெள்ளைக்காரன் பட்டனைத் தூக்கிக் கடாசுங்க என்று சொல்லி, அதைப் பிடுங்கிவிட்டு ஒரு டாகிள் சுவிட்ச் வைத்தேன். மேலே தள்ளினால் ஸ்லைடு வெளியே போகும், கீழே தள்ளினால் உள்ளே வரும், நடுவில் வைத்தால் நிற்கும். தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிடலாம், அது அங்கேயே நிற்கும். அவர் தள்ளிவிட்டு நாலு எட்டில் போய்க் கட்டிலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மூன்று தடவை போய் வந்தார்கள். அம்மா அழவில்லை. அய்யா என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

பழைய பட்டனுக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அறை நகர்கிற வரைக்கும் விரலையும் கண்ணையும் எடுக்காதே என்கிற மாதிரி எழுதியிருந்தது. அவங்களுக்கு எல்லாத்துக்கும் பயம் என்று சொல்லிக்கொண்டே உரித்துப் போட்டேன். என் சுவிட்ச் பிளேட்டு அந்த இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. ஓடி முடித்ததும் நடுவில் வைத்துவிடுங்கள் என்று அய்யாவிடம் சொன்னேன். ஓடி முடிக்காமல் பாதியில் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கே அது தோன்றவில்லை.

அதன் பிறகு சம்பவ நாளான 24.07.2025 வியாழக்கிழமை நடந்ததை, நான் நேரில் கண்டதையும் அய்யாவும் மாசாணமும் என்னிடம் சொன்னதையும் பிரித்துச் சொல்கிறேன். அவர்கள் சொன்னது இது. அன்றைக்கு அந்தப் பகுதியில் மாதப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியில் இருந்து கரண்ட் இல்லை. கேரவனுக்கு மாசாணம் வீட்டில் இருந்துதான் வயர் இழுத்திருக்கிறார்கள், அதில்தான் பேட்டரி சார்ஜ் ஆகும், கரண்ட் இருந்தால் ஸ்லைடு மோட்டாருக்கும் அதிலிருந்தே தெம்பு கிடைக்கும். கரண்ட் இல்லாததால் பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. ஆடிக் காற்று வேறு பேயாட்டம் ஆடியது. பதினொன்றரை மணிக்கு ஒரு மட்டை பிய்த்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. ஸ்லைடின் கூரை மேல் விழுந்தால் உடைந்துவிடும் என்று அய்யா அதை உள்ளே இழுக்கப் பார்த்தார். அப்போது அம்மா வெளியே நாற்காலியில் இருந்தார்கள். அவர் சுவிட்சைக் கீழே தள்ளினார். நாலு விரற்கடை நகர்ந்து, பேட்டரியில் தெம்பு இல்லாமல் ஸ்லைடு நின்றுவிட்டது. செத்துப்போச்சு, கரண்ட் வந்ததும் பார்த்துக்கலாம் என்று அப்படியே விட்டுவிட்டார். சுவிட்ச் கீழே தள்ளினபடியே இருந்தது.

அதன் பிறகு ஒரு மணிக்குச் சோறு சாப்பிட்டுவிட்டு அம்மா தூக்கம் வருகிறது என்றார்கள். ஸ்லைடு கிட்டத்தட்ட முழுசாக வெளியேதான் இருந்தது, வழி இருந்தது. அய்யா உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்து, போர்த்திவிட்டு, அவர்கள் தூங்குகிற வரைக்கும் பக்கத்தில் இருந்துவிட்டு, இரண்டு மணிக்கு மேல் மாசாணத்தைப் பார்க்கப் பம்ப் ரூமுக்குப் போனார். நாலு மணிக்குத்தான் கரண்ட் வரும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பத்துக்கே வந்துவிட்டது. மாசாணம் என்னிடம் சொன்ன வார்த்தை இது: "பம்பு தானா எடுத்துச்சுங்க. திரும்பிப் பாத்தா அந்த ரூமும் தானா எடுத்துச்சுங்க." அய்யா அப்போது மாசாணத்தோடு பம்ப் ரூம் வாசலில் நின்றிருந்தார். இரண்டு பேரும் ஓடினார்கள். ஓடி வந்து சேர்வதற்குள் ஸ்லைடு கடைசி வரை போய், சுவிட்ச் விடாததால் மோட்டார் முட்டி முட்டி ஃபியூஸ் போய்விட்டது. அய்யா சுவிட்சை மேலே தள்ளிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. ஃபியூஸ் பெட்டி கட்டிலுக்கு அடியில். கையால் சுற்றி வெளியே தள்ளுகிற இடமும் கட்டிலுக்கு அடியில்.

இரண்டு முப்பத்தைந்துக்கு எனக்குப் போன் வந்தது. மோட்டார் வயரை ஜீப் பேட்டரியில் கொடுக்கும்படி போனிலேயே சொல்லியிருக்கலாம். தப்பாகக் கொடுத்தால் அந்த ஒரு சாணும் போய்விடுமே என்று பயந்து, யாரும் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். பொள்ளாச்சி தாண்டியும் என்ன தப்பு நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன். வேறு யாரோ வயரைத் தொட்டிருப்பார்கள், எலி கடித்திருக்கும் என்றெல்லாம் நினைத்தேன். நான் வைத்த சுவிட்சை நினைக்கவே இல்லை.

நாலு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். இனி நான் கண்டது. வண்டிக் கதவு திறந்துதான் இருந்தது, பூட்டு எதுவும் இல்லை. கதவுக்குள்ளே கட்டிலின் தலைமாடு சுவர் மாதிரி நின்றது. அந்த ஒரு சாண் சந்துக்குள் அய்யா தோள் வரைக்கும் கையை விட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கையை உள்ளே அம்மா பிடித்திருந்தார்கள். இரண்டு மணி நேரமாக அவர் கையை எடுக்கவில்லை என்று மாசாணம் சொன்னார். தோளில் ரத்தம் கட்டி நீலமாகியிருந்தது. உள்ளே இருந்து அம்மாவின் குரல் கேட்டது. அழுகை இல்லை. அவர்கள் வீட்டுப் பாஷையான தெலுங்கில் ஏதோ கேட்டார்கள், அய்யா தெலுங்கில் பதில் சொன்னார். என்ன கேட்கறாங்க என்று கேட்டேன். "அடுத்த ஸ்டேஷன் எதுன்னு கேக்கறா" என்றார். நீங்க என்ன சொன்னீங்க என்றேன். "வெள்ளகோவில்னு சொன்னேன். அவ பொறந்த ஊரு. அங்க ரயிலே கிடையாதுங்க" என்றார்.

மனுதாரர் யஷ்வந்த் எனக்குக் கால் மணி நேரம் முன்னால் வந்து சேர்ந்திருந்தார். அவர் போனில் படம் பிடித்துக்கொண்டு, யாருப்பா சுவிட்சைப் போட்டது என்று கத்தினார். "நான்தான்டா போட்டேன். மறந்துட்டேன்" என்று அய்யா சொன்னார். அந்தப் படம் இப்போது உங்களிடம் இருக்கிறது. படத்தில் அவர் சொல்வது பொய் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதன் பிறகு நான் வண்டிக்கு அடியில் போய், மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரையும் அறுத்து, ஜீப் பேட்டரியில் இருந்து நேராகக் கொடுத்து ஸ்லைடை வெளியே தள்ளினேன். அப்போது மணி ஐந்து. அம்மாவுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்புத் தவிர வேறு எதுவும் இல்லை. படியில் இறங்கி நின்று தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல தூரமுங்க" என்று அய்யாவிடம் சொன்னார்கள். அதன் பிறகு மனுதாரர் தாயாரைத் தன் காரில் ஏற்றிப் பீளமேட்டுக்குக் கொண்டுபோனார். அய்யாவை ஏறவிடவில்லை. கார் கிளம்பும்போது அம்மா பின் கண்ணாடியில் திரும்பிப் பார்த்து, அவர் ஏறாததைக் கண்டு சத்தம் போட்டார்கள். வாய் அசைந்தது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கார் போன பிறகு நான் சாமானை எடுக்க உள்ளே போனேன். மாசாணம், கரண்ட் வந்ததும் தானா எடுத்துச்சு என்று மறுபடியும் சொன்னார். நான் என் சுவிட்சைப் பார்த்தேன். பழைய பட்டன் இருந்திருந்தால் பதினொன்றரை மணிக்கு அய்யா விரலை எடுத்தபோதே எல்லாம் முடிந்திருக்கும். கரண்ட் இரண்டு மணிக்கு வந்தாலும் ராத்திரி வந்தாலும் அந்த அறை ஒரு நூல் நகர்ந்திருக்காது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா உருண்டு இந்தப் பக்கம் இறங்கி நின்றிருந்தால் அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் நினைத்தேன். அதை இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

நேற்று மத்தியானம் மனுதாரர் யஷ்வந்த் என் கடைக்கு வந்தார். கெட்ட பிள்ளை என்று நான் சொல்ல மாட்டேன். தாயாரைப் பார்த்துக்கொள்ள ஒரு இல்லத்தில் இடம் கேட்டிருப்பதாகவும், அப்பாவை விட்டு வைத்தால் ஒரு நாள் இரண்டு பேரையும் இழந்துவிடுவோம் என்றும் சொன்னார். அங்கே சேர்த்தால் பழகுகிற வரைக்கும், ஒரு மாதமாவது, யாரும் பார்க்க வரக்கூடாதாம். அதற்குள் அய்யாவை மறந்துவிட்டால் என்ன செய்வீங்க தம்பி என்று கேட்டேன். "என்னைய மறந்து ரெண்டு வருசமாச்சுங்க. போனா எந்த ஊருப் பையன்னு கேக்கறாங்க. நான் உசுரோடதான இருக்கேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு, போலீஸில் உங்களைக் கூப்பிட்டால் அப்பாதான் சுவிட்சைப் போட்டார் என்று மட்டும் சொல்லுங்கள், அது உண்மைதானே, உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது என்றார்.

அது உண்மைதான். அதனால்தான் நேற்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பொய் சொல்லச் சொல்லியிருந்தால் அப்போதே திட்டி அனுப்பியிருப்பேன். பாதி உண்மையைக் கேட்டார். அதைக் கொடுத்துவிட்டால் என் கடை நிற்கும், என் பெயர் நிற்கும், சாயிரா கட்டின காயில் பதினைந்து வருடம் ஓடும் என்கிற பேச்சும் நிற்கும். அந்த அம்மாவுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே முகம் அய்யாவுடையது. என் சுவிட்சுக்காக அதைப் பறித்துக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. காலையில் முதல் வேலையாகக் கிளம்பி வந்துவிட்டேன்.

இதுவரை எழுதியதை ஏட்டய்யா எனக்கு வாசித்துக் காட்டினார். கடைசியில் அவர் வழக்கப்படி சுருக்கமாக, 'எனவே கோவிந்தராஜுலு சுவிட்சைப் போட்டதால் அறை நகர்ந்து மேற்படி பங்காரம்மா உள்ளே அகப்பட்டுக்கொண்டார்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அதை அடியுங்கள் என்றேன். இவ்வளவு சொன்ன பிறகு ஒரு வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நாளைக்கு யாராவது அந்த வரியை மட்டும்தானுங்க படிப்பாங்க என்றேன். வேறு என்ன எழுத என்று கேட்டார். கோவிந்தராஜுலு விரலை எடுத்துவிட்டார், எடுத்ததும் அறை நின்றிருக்க வேண்டும், நிற்காதபடி செய்தவள் சாயிரா பானு என்று எழுதச் சொன்னேன். அப்படி எழுதினால் கவனக்குறைவு என்று என் மேல் வழக்கு வரலாம், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறீர்களா என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார்கள். அவர் சோறு போடுகிற கடை இல்லைங்க, நான் நடத்துகிற கடை, நானே முடிவு பண்ணிக்கறேன் என்றேன்.

ஏட்டய்யா அந்த வரியை அடித்துவிட்டு, நான் சொன்னதை மேலே எழுதினார். படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. என்னை யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. என் வாயால் சொன்னது எல்லாம் நடந்தது, நடக்காத எதையும் சொல்லவில்லை. கையெழுத்து கடைசிப் பக்கத்தில் போட்டால் போதும் என்றார்கள். அடித்துத் திருத்தின வரிக்குப் பக்கத்திலும் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
சாயிரா பானு